பேசும் சுவர்

கற்சுவருக்கு மனிதக் குரல் கொடுப்பது அறமாமோ? திருப்பதிக்கு அருகே, 2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்த சந்திரகிரிக் கோட்டையின் இராஜமகாலில் நடத்தப்பெற்ற ஒலி-ஒளிக் காட்சியை எண்ணுங்கால் இவ்வினா எழுகின்றது. 1952இல் பிரான்சு நாட்டின் ஷாம்போர் மாளிகையில் தோன்றிய கலை இது. இருளில் அமர்ந்திருப்போர்க்கு விளக்கு ஒரு மாடத்தைக் காட்டும். அங்கிருந்து மன்னர் பேசுவார்.

சென்னைக்கு நிலம் கிடைத்த 1639ஆம் ஆண்டுச் சாசனத்தை நோக்குவோம். வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயகர். மன்னர் அதனை உறுதிசெய்தது இவ்வரண்மனையில் என்பது வழிவழி வந்த செய்தி. ஏட்டில் எழுதுவோர் 'என்பர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஐயத்தைக் காத்துக்கொள்வர். மாடத்தினின்று முழங்கும் குரலில் அச்சொல்லுக்கு இடமேது?

இந்நாளில் கலைக்கூடங்களில் புதுவகைக் காட்சிகள் வந்துள்ளன. நாம் கையசைத்தால் சுவரிலுள்ள உருவமும் அசைகின்றது. நடந்தால் ஒலி மாறுகின்றது. காண்போர்க்கு உரிமை கிடைத்ததென மகிழ்வாருளர். நமக்கோ அச்சமே மிகுகின்றது. நம் கையால் அசைந்ததை நாம் ஐயுறுவதில்லை அன்றோ? (தோற்பாவைக் கூத்தில், திரைக்குப் பின்னால் விளக்கும் ஆளும் உண்டென்பதைக் குழந்தையும் அறியும்.) ஆதலின் காட்சி அமைப்போர், செய்தி ஐயத்திற்குரியதாகும் இடத்தில் ஒளியையேனும் சற்றுத் தாழ்த்தட்டும். அதன் பொருளைக் காண்போர் விரைவில் கற்றுக்கொள்வர்.