படம் யாருடையது?

மாமல்லபுரக் கரையிலிருந்து செங்கற்பட்டுக்கு வந்து, அங்கிருந்து காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாற்று நிலையத்துக்கோ பஸ் ஏறும் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். மடியில் பெரிய உறை. அதற்குள் உடலின் படம்.

கதிர் முன்பு எங்கே, எவ்வளவு பாய்ந்தது என்று அறியாமல் மறுபடி பாய்ச்சினால், தண்டுவடம் தாங்காமல் போகலாம். ஆகவே ஒரு மருத்துவமனை மற்றொன்றுக்குப் படத்தையும் கதிர்க் கணக்கையும் கொடுப்பது தயவு அன்று, கடமை.

ஆராய்ச்சிக்குக் கேட்டால்? பெயரை அழித்தால் போதும் என்பார்கள். ஆனால் தலையின் ஸ்கேன் படங்களை அடுக்கிப் பார்த்தால் முகமே எழுந்து வருகிறது! முகத்தையும் மறைக்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

கோயில் நகைக்குத் தர்மகர்த்தா காவலரே, உடையவர் அல்லர். மருத்துவமனையும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.