கடிவாளமும் மூக்குவாரும்: அடக்குதலின் அறம்

ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரையின்மீது, அந்த எடையில் ஏழில் ஒரு பங்கே உள்ள ஒருவர் அமர்ந்து பொதுச்சாலையில் செல்லும்போது, அதை நிறுத்துவதற்காக அதன் வாயில் எவ்வளவு வலியை உண்டாக்கலாம் என்ற வினா, பெரும்பாலும் சேணக் கடையில் எழுந்து, அங்கேயே ஓர் இரும்புத் துண்டின் விலையோடு முடிந்துவிடுகிறது. தன் விருப்பத்தைச் சொல்லில் தெரிவிக்க இயலாத ஓர் உயிரை ஒருவர் தம் பாதுகாப்பின் பொருட்டு எவ்வளவு தூரம் அடக்கலாம், அந்த அடக்குதலுக்கு எல்லை எங்கே என்ற பழைய அறவியல் சிக்கல் அதனுள் அடங்கியிருப்பதால், சமய நூல்களும் தத்துவ நூல்களும் குதிரையைக் கையாண்ட விதத்தோடு சேர்த்தே அதை ஆராய்வது பொருந்தும். பிரிட்டனில், பந்தயமோ பயிற்சிக்களமோ இன்றி, கிராமச் சாலைகளிலும் குதிரைகளுக்கு உரிமையளிக்கப்பட்ட தடங்களிலும் மேற்கொள்ளப்படும் உலாச் சவாரியில் இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. அங்கு 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதித்தொகுப்பு, குதிரையைக் கடக்கும் ஊர்திகள் மணிக்கு 10 மைலுக்கு மேற்படாத வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும் என்கிறது. மிரண்டோடும் குதிரையால் சவாரியாளருக்கும் வழிப்போக்கருக்கும் அந்தக் குதிரைக்குமே நேரக்கூடிய கேடு கற்பனையன்று என்பதற்கு இப்படியொரு விதி தேவைப்பட்டதே சான்று. ஆகவே, கடுமையான கருவி எல்லாமே கொடுமை என்று ஒரே வரியில் தீர்ப்பளித்து விலகிக்கொள்வது இங்கே உதவாது.

கருவிகளின் இயல்பை முதலில் அறிய வேண்டும். குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் வாயிரும்பு அங்கே நாவின்மீதும், எலும்பை மெல்லிய சவ்வு மட்டுமே போர்த்தியிருக்கும் ஈறின்மீதும் அமர்கிறது. ஸ்நாஃபிள் எனப்படும் எளிய வகையில், வாரை இழுக்கும் கையின் விசை நேராக வாயை அடைகிறது. கர்ப் எனப்படும் வகையிலோ, வாயிரும்பின் இரு பக்கமும் கீழ்நோக்கி நீளும் தண்டுகளின் முனையில் வார் கோக்கப்படுவதால், அத்தண்டுகள் நெம்புகோலாகி விசையைப் பெருக்கி, மோவாய்க்கு அடியில் செல்லும் சங்கிலியை இறுக்குவதோடு காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிப்பகுதியையும் அழுத்துகின்றன. இவ்விரு செயல்களையும் ஒரே இரும்பில் இணைத்து, இரண்டு சோடி வார்களை ஏற்பது பெல்ஹம். மூக்குவார் என்பது இவற்றினின்றும் வேறானது. அது முகத்தைச் சுற்றிக் கட்டப்படும் தோல்பட்டை. கேவசன் எனும் எளிய பட்டை கன்ன எலும்பின் முகட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதனோடு சேர்த்து வாயிரும்புக்குக் கீழே கட்டப்படும் இன்னொரு வார் ஃபிளாஷ். 1931-இல் கிராண்ட் நேஷனல் தடைதாண்டும் பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயரைத் தாங்கிய கிராக்கிள், எட்டு என்ற எண்ணின் வடிவில் மூக்கின்மேல் குறுக்காகச் செல்வது. வாயைத் திறந்தோ தாடையைக் கோணியோ இரும்பின் அழுத்தத்திலிருந்து குதிரை நழுவாதபடி தடுப்பதே கடைசி இரண்டின் பணி. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் விலங்காதலால், தாழ்வாகக் கட்டிய பட்டை நாசியின் மென்பகுதியை அழுத்தினால், தொல்லை தோலோடு நிற்பதில்லை.

புலனடக்கத்தை விளக்கக் குதிரையை எடுத்துக்கொண்ட மரபுகள் இந்த வாயைப் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை. உடலைத் தேராகவும், ஆன்மாவைத் தேருக்கு உரியவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைப் பிடிவாராகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கும் கடோபநிடதம், அறிவு விழிப்பாயிருந்தால் குதிரைகள் நல்லவை, இல்லையேல் அடங்காதவை என்று கூறி அமைகிறது. பிடிவாரின் மறுமுனையில் என்ன நிகழ்கிறது என்பது அந்த உருவகத்துக்குத் தேவைப்படவில்லை. பிளேட்டோவின் ஃபீட்ரஸ் உரையாடல் அந்த மறுமுனையைக் காட்டவே செய்கிறது. திமிறும் கரிய குதிரையைச் சாரதி பின்னோக்கி வெட்டி இழுக்கையில் அதன் நாவும் தாடையும் குருதி தோய்கின்றன; அது பலமுறை நிகழ்ந்த பின்னர் குதிரை அச்சத்தால் பணிகிறது; இதை ஆன்மா தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வழியாகவே பிளேட்டோ வருணிக்கிறார். பிளேட்டோவைப் போலவே சாக்ரட்டீசின் வட்டத்தைச் சேர்ந்தவரும் படைவீரருமான செனபோனோ, தம் குதிரையேற்ற நூலில், வற்புறுத்திச் செய்விக்கப்படுவதைக் குதிரை புரிந்துகொள்வதில்லை, அதில் அழகும் இருப்பதில்லை என்ற கருத்தைத் தமக்கு முந்திய சைமன் என்பாரிடமிருந்து எடுத்து வழிமொழிகிறார். அவரும் முற்றிலும் மென்மையானவர் அல்லர். கூர்முனை பதித்த கரடான வாயிரும்பு ஒன்றையும் வைத்திருக்கச் சொல்கிறார், அதை அறிந்த குதிரை வழவழப்பான இரும்பை மகிழ்ந்து ஏற்கும் என்பது அவர் கணக்கு. ஆயினும், உவமைக்காகக் குதிரையை எடுத்தவரைவிடக் குதிரைக்காகவே நூல் எழுதியவர் கையைத் தளர்த்துவது பற்றி அதிகம் பேசியிருப்பதில் வியப்பில்லை.

இவ்விரு போக்குகளையும்விட ஆழமாகச் செல்வது, பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் உள்ள கேசி சுத்தம் எனும் உரையாடல். குதிரை பழக்குபவனான கேசியிடம் அவன் தொழில்முறையைப் புத்தர் வினவுகிறார். சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவதாகவும், எதற்கும் இணங்காததைத் தன் ஆசிரிய மரபுக்கு இழுக்கு நேராதபடி கொன்றுவிடுவதாகவும் அவன் விடையளிக்கிறான். மனிதர்களைத் தாமும் அவ்வாறே பழக்குவதாகப் புத்தர் சொல்லவும், உயிர்க்கொலை உமக்குத் தகாதே என்று கேசி திகைக்கிறான். இணங்காதவரோடு இனிப் பேசுவதோ அவருக்கு அறிவுறுத்துவதோ வேண்டியதில்லை என்று முடிவு செய்வதே தம் நெறியில் கொலை என்பது புத்தரின் விளக்கம். மென்மை, கடுமை ஆகிய இரண்டையும் இச்சுத்தம் பயிற்சியின் வகைகளாகவே ஏற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அது கோடு கிழிக்கும் இடம் உரையாடல் முறியும் இடமாகும்.

வாயிரும்பையும் மூக்குவாரையும் வேறுபடுத்தி மதிப்பிட அக்கோடு துணைபுரிகிறது. வாயிரும்பு எவ்வளவு கடுமையானதாயினும், அதன் அழுத்தத்துக்குக் குதிரை வாயைத் திறத்தல், இரும்பை மெல்லுதல், தலையை உதறுதல் ஆகியவற்றால் மறுமொழி தர இடமிருக்கிறது. இறுகக் கட்டிய மூக்குவார் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு மறுமொழியில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. வாய் மூடிய குதிரை பார்ப்பவருக்கு அமைதியாகத் தோன்றுவதால், இவ்வழக்கம் பரவுவதும் எளிது. போட்டிக் குதிரைகள் 750-ஐ ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, மூக்குவாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடமிருக்க வேண்டும் என்ற பழைய விதி 7 விழுக்காட்டுக் குதிரைகளிலேயே கடைப்பிடிக்கப்பட்டதையும், 44 விழுக்காட்டில் ஒரு விரலுக்குரிய இடமும் இல்லாததையும் கண்டது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், பட்டை மிக இறுகியபோது குதிரைகளின் இதயத்துடிப்பும் கண்பகுதி வெப்பமும் உயர்ந்தன. பட்டையை அவிழ்த்ததும் கொட்டாவியும் விழுங்குதலும் நக்குதலும் வழக்கத்தைவிட மிகுந்தன. அடக்கி வைக்கப்பட்டது அழிந்துபோகவில்லை என்பதையே இது காட்டுகிறது. விலங்கிடம் நாம் நடந்துகொள்ளும் முறைக்கு அதன் பகுத்தறிவையோ பேச்சையோ அல்லாமல் துன்புறும் ஆற்றலையே அளவுகோலாக்க வேண்டும் என்று ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வளவுகோலை ஏற்றால், துன்பம் தருவது ஒரு தவறு என்பதோடு, அத்துன்பத்தைக் கண்டறியும் வழியை அடைப்பது அதனினும் வேறான இரண்டாவது தவறாகிறது.

இந்நோக்கில் உலாச் சவாரிக்குரிய தேர்வுகள் சற்று எதிர்பாராத வரிசையில் அமைகின்றன. கைக்கு அடங்காமல் இழுத்தோடும் குதிரைக்கு, ஸ்நாஃபிளோடு இறுக்கிய ஃபிளாஷைச் சேர்ப்பதே மென்மையான வழி என்று கருதப்படுவதுண்டு. இரண்டு சோடி வார்களோடு பெல்ஹமை அணிவித்து, மூக்குவாரைத் தளர விடுவது அதைவிட நேர்மையானது. மேல்வாரைக் கொண்டு வழக்கமான பேச்சையும், தேவை நேரும் கணத்தில் மட்டும் கீழ்வாரைக் கொண்டு கடுமையையும் காட்டி, அடுத்த கணமே விட்டுவிட அதில் இடமுண்டு. வசதிக்காக இரு வளையங்களையும் ஒரு தோல்துண்டால் இணைத்து ஒற்றை வார் பூட்டிக்கொள்ளும்போது, கேசி கூறிய மென்மையும் கடுமையும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வாயிரும்பே இல்லாத கடிவாளமும் தானாகவே கருணையானது அன்று. நெம்புதண்டு கொண்டவை மூக்கெலும்பையும் மோவாயையும் கடுமையாக நெரிக்கவல்லவை. குதிரை அழுத்தத்திலிருந்து கற்பதில்லை, அழுத்தம் விலகும் கணத்திலிருந்தே கற்கிறது என்பதால், விடாது இழுக்கும் கையில் எந்தக் கருவியும் நாளடைவில் மழுங்கிப்போகிறது. அதன் பிறகு இன்னும் கடுமையான கருவி வாங்கப்படுகிறது. வலியிலிருந்து ஓடுவதே குதிரையின் இயல்பாதலால், அது இன்னும் வேகமாக ஓடுவதும் உண்டு.

இழுத்தோடுவதைக் குணக்கேடாகக் கொள்வதற்கு முன் பல்லின் கூர்விளிம்பு, பொருந்தாத சேணம், வேலைக்கு மிஞ்சிய தீனி, கூட்டத்தைப் பிரிந்த அச்சம் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பது, அறிவுறுத்தத் தொடங்குமுன் செவிசாய்ப்பதற்கு ஒப்பாகும். அத்தனையும் பார்த்த பின்னரும், வாயை இறுகக் கட்டினாலன்றிச் சாலையில் நிறுத்த முடியாத குதிரைகள் சில இருக்கவே செய்யும். அவற்றை வேலியிட்ட வெளியிலேயே பழக்குவதும், அமைதியான துணைக்குதிரையோடு மட்டும் வெளியே கொண்டுபோவதும், அதுவும் இயலாதபோது அந்தச் சாலையில் சவாரி செய்யும் ஆசையைக் கைவிடுவதும் எஞ்சியுள்ள வழிகள். அவற்றில் குதிரைக்கு இழப்பு ஏதுமில்லை, இழப்பு சவாரியாளருடையது. தன் ஆசிரிய மரபின் பெயருக்காகக் குதிரையைக் கொன்ற கேசி, அந்தப் பெயரை விட்டுக்கொடுப்பது என்ற வழியை ஒரு வழியாகவே எண்ணவில்லை. புத்தரும் அந்தச் சுத்தத்தில் அதை அவனிடம் கேட்கவில்லை.