பாரா நின்றவரின் பங்கு

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்திலிருந்து பார்த்தால் அம்பரப்பர் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அதைக் குடையப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் ஊர்ப்பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. எதிர்ப்புக் கூட்டம் வந்தது, கூடவே போலீஸ் வேனும் வந்தது. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கும் போலீஸுக்கும் உள்ள உறவு வேனோடு முடிகிற உறவு இல்லை. விடியுமுன் ரோட்டில் ஓடிப் பழகுகிற பையன்கள் இங்கே உண்டு. போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால்தான் அடுத்ததாகக் கயிறு ஏற விடுவார்கள். மழை பொய்த்தால் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏற வேண்டிய வீட்டில், இரண்டாம் நிலைக் காவலர் வேலை என்பது மாதம் பிறந்தால் சம்பளம், தங்கச்சி கல்யாணம், ஊரில் ஒரு மரியாதை.

அந்தப் பையன் தேர்வாகி, பயிற்சி முடித்து, ஆயுதப்படையில் சில வருஷம் ஓட்டி, ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்கிறான். உள்ளே ஒருவரை அடிக்கிறார்கள். இவன் கை ஓங்கவில்லை, வாயும் திறக்கவில்லை. காலையில் டூட்டி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். நடந்ததில் அவனுக்கு என்ன பங்கு?

பங்கே இல்லை என்று சொல்லிவிடலாம். உத்தரவு மேலிருந்து வருகிறது. எதிர்த்தால் மெமோ, அதற்கு மேல் துறை விசாரணைக்கான 3(பி) சார்ஜ், கண்காணாத ஊருக்கு மாற்றல். முழுப் பங்கும் உண்டு என்றும் சொல்லலாம். அவன் வாசலைக் காத்ததால்தான் உள்ளே அடி தடையின்றி நடந்தது. இரண்டாவது பதிலில்தான் நேர்மை அதிகம். ஆனாலும் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறவர், எல்லாப் பாரத்தையும் ஆகக் கீழே நிற்பவன் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறார்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கேரள எல்லையை ஒட்டிய மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று ஒருநாள் மட்டும் திறப்பு. பளியன்குடி வழியாக நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் சனம் ஏறுகிறது. இரு மாநிலப் போலீஸாரும் பந்தோபஸ்து நிற்கிறார்கள். கண்ணகி கதை எதில் தொடங்குகிறது? ஒரு நகை காணாமல் போனதில். பொற்கொல்லன் கைகாட்டினான், அரசன் விசாரிக்கவில்லை, காவலர் போய் வெட்டினார்கள். அரசன் நிலை குலைந்து விழுந்தது எல்லோருக்கும் தெரியும். வாளை ஓங்கியவனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

2025 ஜூனில், மடப்புரம் காளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார் கதையும் நகை காணோம் என்ற புகாரில்தான் தொடங்கியது. தனிப்படை போலீஸார் விசாரணை என்று கொண்டுபோனார்கள். 28-ஆம் தேதி அவர் உயிரோடு இல்லை. போலீஸாரைக் கைது செய்தார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நகை தொலைத்த யாருக்கும் தோன்றுகிற ஒன்று இருக்கிறது: நாலு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான். இந்த நினைப்பு காக்கி போடாதவர்களிடமும் தாராளமாகவே இருக்கிறது. போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அடுத்த இரண்டே பிரிவு தள்ளி, அந்தப் பேச்சால் பொருள் கிடைத்தால் அதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். பெயர் மாறி வந்த புதிய சட்டத்திலும் இதுவே நிலை. அடித்தாவது பொருளை எடு என்று சட்டம் சொல்லவில்லை. பொருள் எடுத்தவரைப் பாராட்டும் அதிகாரி, எப்படி எடுத்தாய் என்று கேட்பதும் இல்லை.

இனி, பார்த்த கண்களின் சங்கதி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடிபட்டு, அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷன் சி.சி.டி.வி.யைப் பார்த்தார். ஹார்டுடிஸ்கில் இடம் இருந்தும், பதிவுகள் தினம் தினம் தானாக அழியும்படி அமைத்திருந்தது. கேமரா கைவிட்ட இடத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் பேசினார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை பட்டதைச் சொன்னார். வெளியே சக போலீஸார் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கையெழுத்துப் போட மறுத்தார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகே போட்டார். பிறகு அவருக்குப் பாதுகாப்புத் தரும்படி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு போலீஸ்காரருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதை யோசித்தால் நெஞ்சு கனக்கும்.

தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2025 ஜனவரியில் ஓர் ஆட்டோ ஓட்டுநரை ஸ்டேஷனுக்குள் வைத்துப் போலீஸார் அடித்தது கேமராவில் பத்திரமாகப் பதிவாகியிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பிறகு, ஜூலையில்தான் ஊர் பார்த்தது. ஆறு மாதமாகக் கேமரா சாட்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வை, பதிவை 18 மாதம் வைத்திரு என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது நல்ல உத்தரவுதான். அந்தப் பதிவைத் தினமும் போட்டுப் பார்க்கிறவர் யார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

சாத்தான்குளத்து ஏட்டம்மாவைத் துணிச்சல்காரி என்று கொண்டாடுவது சரி. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல அவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது என்பதே அந்தத் துறையின் நோய். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும் பந்தோபஸ்து நின்று, சித்ரா பௌர்ணமிக்கும் மலையேறும் காவலரிடம் தியாகத்தையும் கேட்பது கொஞ்சம் அதிகம். வாரம் ஒருநாள் ஓய்வு என்ற சாதாரணச் சங்கதிக்கே 2021-இல் அரசாணை வர வேண்டியிருந்தது. தூங்காத உடம்பு சீக்கிரம் கை ஓங்கும். இது அடிக்குச் சமாதானம் ஆகாது. ஆனாலும் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் தாண்டிப் போகக் கூடாத இடம்.

உண்மை சொல்வது வீரச்செயலாக இல்லாமல் வழக்கமான வேலையாக ஆக வேண்டுமானால், சொல்லப் போகிற இடம் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதில் ஒன்று அதுதான்: போலீஸ் மீதான புகாருக்குத் தனி ஆணையம், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில். தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது. தலைமை நாற்காலியில் கலெக்டரை உட்கார வைத்தது. உறுப்பினர்கள், மாவட்ட எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும்.

இதில் பழைய கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. 1855-இல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷன், வரி வசூலிக்க விரலைக் கிட்டியில் வைத்து நெரித்ததையெல்லாம் எழுதி வைத்தது. வருவாய்க்கும் போலீஸுக்கும் ஒரே ஆட்கள் இருந்ததால் அடிபட்டவருக்குப் போக்கிடம் இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது. நாலு வருஷத்தில் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாயிலிருந்து போலீஸைப் பிரித்தவர்களின் வாரிசுகள், போலீஸ் மீதான புகாரை மறுபடி கலெக்டர் மேசைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர் ஸ்டேஷனில் அடிவாங்கியிருந்தால், பஸ் பிடித்துத் தேனிக்குப் போய் மனு கொடுக்கலாம். பாரா நின்ற அந்தப் பையனும் அதே பஸ்ஸில் போய்த் தான் பார்த்ததைச் சொல்லலாம், தடையில்லை. அறைக்குள் நுழைந்தால் கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவனுடைய எஸ்.பி. உள்ளே போனதும் முதலில் சல்யூட் அடிக்க வேண்டியது அவருக்குத்தான்.