காணிகளின் பழமும் ஆய்வாளரின் கடனும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில் பாலோடு என்ற ஊர் வருகிறது. அங்குள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஒரு மருந்து, ஆய்வு அறம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் உதாரணமாக வந்துவிடுகிறது.

குற்றாலத்துக்குத் தெற்கே நீளும் அகத்தியமலைக் காட்டுக்குள் 1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் நடந்தார்கள். வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் அவ்வப்போது சிறு பழங்களை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் ஏறினார்கள். மூச்சு வாங்கியவர்களுக்கும் கொடுத்தார்கள். எந்தச் செடியின் பழம் என்று கேட்டதும்தான் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத குல ரகசியம் அது. கேட்டுக் கேட்டு வற்புறுத்திய பிறகே ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள்.

அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற அந்த மருந்து பிறந்தது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசி உரிமம் பெற்றது: 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம், 7 ஆண்டு. வருவதில் பாதி காணிகளுக்கு. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் நாட்டில் அப்போது இல்லை; பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமே 2002இல்தான் வந்தது.

ஆனாலும் கணக்கு தீரவில்லை.

பசித்தவருக்குப் பழம் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. குலத்தின் ரகசியத்தைக் கொடுக்க, வழிகாட்டப் போன சிலருக்கு உரிமை உண்டா? காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக்கூடாது என்று 1995லேயே கேரள முதல்வருக்கு எழுதினார்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரளம்' இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசம் மலையில் சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழியில் வாழும் காணிகளும் அதே குலம்தான். மாநில எல்லை அவர்களுடைய வைத்தியத்துக்குத் தெரியாது.

2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இன்னொரு முடிச்சைப் போட்டிருக்கிறது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தும் உள்நாட்டினர் பங்கு தர வேண்டியதில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் ஏராளம். அவருடைய மலையிலேயே வாழும் காணிகளின் வைத்தியமோ வாய்வழி வந்தது. ஒரு மூலிகையின் குணம் ஏட்டிலும் இருந்து, காணிகளின் நினைவிலும் இருந்தால் ஆய்வாளர் யாருக்குக் கடன்பட்டவர்? ஏட்டைக் காட்டினால் சட்டப்படி தப்பலாம். அந்த ஏட்டை எழுதியவருக்குச் செடியைக் காட்டியவர் யார் என்று கேட்கும் பொறுப்பு ஆய்வாளரிடமே மிஞ்சுகிறது.