கொதிக்கிற நெய்யும் இரண்டு வெள்ளிப் பதக்கங்களும்

நாகர்கோவிலில் கன்னியாகுமரி பஸ் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சுசீந்திரம் வந்துவிடும். தாணுமாலயன் கோயிலுக்குள் போகிறவர்கள் இசைத்தூண்களை அண்ணாந்து பார்ப்பார்கள், பதினெட்டடி அனுமாரைக் கும்பிடுவார்கள், வெளியே வந்து ஒரு சாயா குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பார்கள். இதே கோயிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் நடந்த ஒரு காரியம் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதற்குக் கைமுக்கு என்று பேர்.

நம்பூதிரி வீடுகளில் தகாத உறவு என்று புகார் எழுந்தால் ஸ்மார்த்த விசாரம் என்றொரு விசாரணை நடக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஆண் சுசீந்திரத்துக்கு வந்து, கொதிக்கிற நெய்யில் கையை முக்கி, உள்ளே கிடக்கும் ஒரு சிறு பொருளை எடுக்கவேண்டும். கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் சுத்தன். இருந்தால் போச்சு. பெண்ணுக்கு அந்த நெய்கூடக் கிடையாது. விசாரணை தொடங்கிவிட்டால் அவளுக்குப் பேரும் கிடையாது. 'சாதனம்' என்பார்கள். அவள் இல்லை, அது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் கைமுக்கு நின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். நெய் பொய் சொல்லாது. அதற்குச் சாதி தெரியாது, கைக்கூலி வாங்கத் தெரியாது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சபை கேட்டது ஒழுக்கத்தைப் பற்றி. நெய் பதில் சொன்னது தோலைப் பற்றி.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? கத்தக்குறிச்சி சாந்திக்காக.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைக் கூலிகளின் வீட்டில் பிறந்த பிள்ளை சாந்தி சௌந்தரராஜன். தலித் குடும்பம். ஓடத் தெரிந்தது, ஓடினாள். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் மறுபடியும் வெள்ளி, 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் இவருக்கும் நூலிழைதான் வித்தியாசம். ஊர் பட்டாசு வெடித்து முடிப்பதற்குள் செய்தி வந்தது: பாலினப் பரிசோதனையில் தேறவில்லை, பதக்கம் பறிப்பு. உலகத்தில் எவருக்கும் சொல்லக்கூடாத ஒரு உடம்பு விஷயத்தை அத்தனை டி.வி.யும் சொன்னது.

அன்றைய முதல்வர் கருணாநிதி பதினைந்து லட்ச ரூபாயும் ஒரு டி.வி. பெட்டியும் கொடுத்தார். அந்தப் பணத்தில் சாந்தி கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். 2007இல் உயிரை விடப் பார்த்தார், பிழைத்தார். 2012இல் செங்கல் சூளையில் தினக்கூலிக்குக் கல் சுமக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு. 2016இல்தான் தமிழ்நாடு அரசு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பத்து வருஷம்!

சாந்தி திருநங்கை அல்ல. பெண் குழந்தை என்று பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். சிலருடைய உடம்பில் எக்ஸ் ஒய் குரோமோசோம் இருக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனால் சிலருக்கு உடம்பு அதை முழுசாகவோ பாதியோ ஏற்றுக்கொள்ளாது. வெளியே பார்த்தால் பெண், மனசாலும் பெண். டாக்டர் சொல்லும்வரை அவர்களுக்கே தெரியாது. ஆணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு, ஆணுக்குரிய பருவ வளர்ச்சியெல்லாம் முடிந்தபிறகு பெண்ணாக வாழ வருகிறவர் வேறு. ரெண்டுக்கும் நியாயம் வேண்டும், ஆனால் ரெண்டும் ஒரே கேள்வி அல்ல. இன்றைய அரசியல் ரெண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

அந்த அரசியலைப் பாருங்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 பிப்ரவரி 5ஆம் தேதி, பெண்கள் விளையாட்டில் திருநங்கைகளுக்கு இடமில்லை என்று ஆணையில் கையெழுத்துப் போட்டார். சுற்றிலும் சின்னப் பெண்பிள்ளைகளை நிறுத்தி போட்டோ. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவரிடம் செனட்டில் ஒரு கேள்வி கேட்டார்கள்: மொத்தம் எத்தனை திருநர் விளையாடுகிறார்கள்? 5,10,000 பேரில் பத்துக்கும் குறைவு என்று சொன்னார். பத்துப் பேருக்காக ஒரு ஜனாதிபதித் தேர்தலில் விளம்பரம். நம்மூர்ப் பாஷையில் சொன்னால், எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவது.

சரி, எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டினால் அது நேர்மை இல்லை. பெண்களுக்கு என்று ஒரு தனி ஓட்டம் எதற்கு இருக்கிறது? 1983இல் செக்கோஸ்லோவாகியாவின் யர்மிலா கிராடோச்விலோவா 800 மீட்டரை 1:53.28இல் ஓடினார். 2012 லண்டனில் கென்யாவின் டேவிட் ருடிஷா ஓடியது 1:40.91. பன்னிரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம். எல்லாரும் ஒன்றாக ஓடட்டும் என்று விட்டால், கத்தக்குறிச்சியிலிருந்தும் கல்குளத்திலிருந்தும் எந்தப் பெண்ணும் எந்த மேடையும் ஏறமாட்டாள். தனி ஓட்டம் என்றால் வேலி வேண்டும். வேலி என்றால் யாராவது வெளியே நிற்பார்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டரில் மேடையேறிய மூவர் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, புருண்டியின் பிரான்சின் நியோன்சபா, கென்யாவின் மார்கரெட் வம்புயி. நாலாவது வந்த கனடாவின் மெலிசா பிஷப் அன்றைக்குத் தன் நாட்டுச் சாதனையையே முறியடித்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. 2018இல் உலகத் தடகள அமைப்பு, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரை ஹார்மோன் எல்லை என்று விதி போட்டது. அன்றைய அந்த விதிப்படி முதல் மூவரும், மருந்து சாப்பிட்டு ஹார்மோனைக் குறைத்தாலொழிய அந்த ஓட்டத்தில் ஓட முடியாது என்றானது. செமன்யா வழக்குப் போட்டார். 2019இல் விளையாட்டு நடுவர் மன்றம் சொன்ன தீர்ப்பை நம் வார்த்தையில் சொன்னால்: இது பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு. மூன்று நடுவர்களில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது.

நாலாவது வந்த பெண்ணின் கண்ணீரும் கண்ணீர்தான். செமன்யாவின் மானமும் மானம்தான். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றை மறந்துவிட்டால் தீர்ப்புச் சொல்வது ரொம்ப லேசு.

சாந்தியின் பதக்கம் போனதைப் பேசும்போது நான் இன்னொரு வெள்ளிப் பதக்கத்தையும் நினைத்துக்கொள்வேன். 2024 ஆகஸ்ட், பாரிஸ். மல்யுத்தம் 50 கிலோ பிரிவில் வினேஷ் போகத் இறுதிச்சுற்றுக்குப் போய்விட்டார். குறைந்தது வெள்ளி நிச்சயம். மறுநாள் காலை தராசில் நூறு கிராம் கூடுதல். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும், முடியைக் குறைத்தும் இறங்கவில்லை. வெள்ளியும் போயிற்று. வேலி அங்கேயும் கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால், 'நீ மல்யுத்த வீராங்கனையே இல்லை' என்று யாராவது சொன்னார்களா? டெல்லி விமான நிலையத்திலிருந்து ஊர்வரைக்கும் மாலை. அதே வருஷம் ஹரியானாவில் எம்.எல்.ஏ.

இரண்டு பெண்கள், இரண்டு வெள்ளி, இரண்டும் உடம்பின் கணக்கால் போனவை. ஒருவரிடம் தராசு கேட்டது: எத்தனை கிலோ? இன்னொருவரிடம் சபை கேட்டது: நீ யார்? முதல் கேள்வியில் தோற்றால் அடுத்த போட்டி இருக்கிறது. இரண்டாவதில் தோற்றால் ஊருக்குள் நடக்க முடியாது. ஊக்க மருந்து ஊசி போட்டுத் திருட்டுத்தனமாக ஜெயித்தவன்கூட தடைக்காலம் முடித்து நாலு வருஷத்தில் திரும்பி வருகிறான். எந்தத் தப்பும் செய்யாத சாந்திக்குத் திரும்பி வரும் வழியே இல்லை. இது எந்த ஊர் நியாயம் வேய்?

இந்தப் பரிசோதனையின் சரித்திரமே இப்படித்தான். 1966இல் புடாபெஸ்ட்டில் ஐரோப்பியத் தடகளப் போட்டி. வீராங்கனைகளை டாக்டர்கள் முன்னால் உடையில்லாமல் நடக்கவைத்தார்கள். அது கேவலம் என்று எல்லாருக்கும் தோன்றியதும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் வந்தது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயினின் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீனோ மாட்டினார். அவருடைய உடம்பு டெஸ்டோஸ்டிரோனை ஏற்காத உடம்பு, அதனால் ஒரு லாபமும் கிடையாது. ஆனாலும் பதக்கம், உதவித்தொகை, தங்குமிடம், கட்டிக்கொள்ள இருந்தவன் எல்லாம் போயின. போராடி 1988இல் அனுமதி வாங்கினார். அதற்குள் வயசு ஓடிவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு 'தவறு' என்று வந்தது. விசாரித்துவிட்டு எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். வேலைக்கு ஆகாது என்று 1999இல் ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சோதனையைக் கைவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவைத் தேடும் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த மரபணுவை 1990இல் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார். மரபணு இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், அது வேலை செய்ததா, உடம்பு கேட்டதா என்று சொல்லாது என்பது அவர் வாதம்.

நெய் தோலைப் பற்றிச் சொன்ன மாதிரிதான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசாகத் தெரியக்கூடாது. பெண் எதை உடுத்தலாம், மாரை மூடலாமா கூடாதா என்று ராஜாவும் சாதியும் தீர்மானித்த மண் இது. தோள்சீலைக்காக நாடார் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், சீலை கிழிபட்டார்கள். 1859 ஜூலை 26இல்தான் திருவிதாங்கூர் மகாராஜா ஆணை போட்டு இறங்கிவந்தார். அந்தச் சண்டை துணிக்கான சண்டை மட்டும் இல்லை. என் உடம்பைப் பார்க்கும் உரிமையை உனக்கு யார் கொடுத்தது என்ற சண்டை. அப்படிப்பட்ட பாட்டிகளின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து, பாரிஸில் குத்துச்சண்டை போட்ட அல்ஜீரியாவின் இமான் கெலிஃபைப் பார்த்து, 'மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா, ஆம்பளயாக்கும்' என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை, நடுவரும் இல்லை. ஆனாலும் சில காரியங்களுக்கு டாக்டர் தேவையில்லை.

வேலி வேண்டும் என்கிறவன், அந்தந்தப் போட்டிக்கு, அந்தந்த உடம்புக்கு லாபம் உண்டு என்று நிரூபித்துக் காட்டட்டும். பாரம் அவன் தலையில். ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதைத்தான் கேட்டார். காமன்வெல்த் போட்டிக்குப் போக இருந்தவரை நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டார். 2015இல் நடுவர் மன்றம், போதிய ஆதாரம் இல்லை என்று அந்த விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தாவில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். சாந்திக்கும் டூட்டிக்கும் நடுவில் எட்டு வருஷமும் ஒரு நல்ல வக்கீலும்தான் வித்தியாசம். ஆண் பருவ வளர்ச்சி முடித்து வருகிறவர்கள் விஷயத்தில், ஒலிம்பிக் உயரத்தில் வேலி வேண்டும் என்பதற்கு நியாயம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒலிம்பிக் வேலியை எட்டாம் வகுப்பு கோகோ ஆட்டத்துக்குக் கொண்டுவருவது பைத்தியக்காரத்தனம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்பது பதக்கத்துக்கு இல்லை, பிள்ளை பிள்ளைகளோடு சேர்வதற்கு.

அடுத்தது ரகசியம். விதியை ஓடுவதற்கு முந்தியே சொல்லு. சோதித்தால் மூடின கதவுக்குள் சொல்லு, துணைக்கு ஆள் வைத்துச் சொல்லு. ஓட முடியாது என்றால் வேறென்ன செய்யலாம் என்றும் சேர்த்துச் சொல்லு. அதுவரை ஜெயித்ததைப் பிடுங்காதே. இப்படியெல்லாம் செய்தாலும் அந்தப் பெண்ணுக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்காத வேலி கிடையாது. ஆனால் வலி வேறு, அவமானம் வேறு. வலியைக் கொடுக்கச் சில நேரம் நியாயம் இருக்கலாம். அவமானத்தைக் கொடுக்க எந்த நடுவருக்கும் எந்த நாளும் நியாயம் கிடையாது.

பெரிய மன்றங்கள் என்ன செய்யும் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்று. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு பெண்பிள்ளை எல்லாரையும் முந்தி ஓடுவாள். முடி குட்டையாக இருக்கும், குரல் கொஞ்சம் கட்டையாக இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் காதில் வந்து ஒன்று சொல்லிச் சிரிப்பார். நீங்கள் சிரிக்காமல் இருந்தால் போதும். முடிந்தால் கை தட்டுங்கள், சத்தமாக.