முயற்சி எதுவரை? தட்டச்சுத் தேர்வும் தென்கலை விசாரமும்

தமிழ்நாடு அரசில் தட்டச்சர் வேலைக்குப் போக இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒன்று, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை), அல்லது ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் (இளநிலை) தேறியிருக்க வேண்டும். மற்றொன்று, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 எழுத்துத் தேர்வு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் இவற்றைப் பற்றிய பேச்சோடு ஒரு பழைய கேள்வியும் எழும்: வேலை கிடைப்பது உழைப்பாலா, கொடுப்பினையாலா?

தமிழ் வைணவத்தை இரண்டு கலைகளாகப் பிரித்த வழக்குகளில் தலையானது இதே கேள்விதான். இறைவன் அருள் கிட்ட உயிரின் முயற்சி வேண்டுமா என்று கேட்டார்கள். வேதாந்த தேசிகரின் (1268–1369) வழியில் நின்ற வடகலையார், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை உவமை காட்டினர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றிய தென்கலையார் காட்டியது, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் தென்கலைச் சம்பிரதாயத்தைச் சேர்ந்தது.

தென்கலைக் கொள்கை சோம்பலுக்கு இடம் தருகிறது என்பார் உண்டு. அது சரியான வாசிப்பு அன்று. முயற்சி செய்யாதே என்று அக்கொள்கை எங்கும் சொல்லவில்லை; முயற்சியை அருளுக்கான விலையாக எண்ணாதே என்பதே அதன் சாரம். உயிரிடம் அது எதிர்பார்ப்பது விலக்காமை, அதாவது வரும் அருளைத் தடுக்காதிருத்தல். நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வார் அந்தப் பணியைக் கொண்டு எதையும் வாங்க நினைக்கவில்லை. கைங்கரியமே அவருக்குப் பயன். ஆயினும் மாலை நாள்தோறும் தொடுக்கப்பட்டது.

தட்டச்சுப் பயிற்சியை அருகில் இருந்து பார்த்தால் இந்த விசாரத்தின் ஒரு பகுதி தெளிவாகும். ஆங்கிலத்தில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’, தமிழில் ‘யளனகபக’ என்று முதல் பாடம் தொடங்குகிறது. ஒரே வரிசையைத் தாள் தாளாக அடிக்க வேண்டும். விசையைப் பார்க்கக் கூடாது. தமிழ் இயந்திரம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது. கையால் ‘ம்’ எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி. இயந்திரத்திலோ புள்ளிதான் முதலில். அந்த விசையைத் தட்டினால் தாளைத் தாங்கிய வண்டி நகராது; அதே இடத்தில் ‘ம’ விழுந்த பிறகே நகரும். ஐந்து வயதிலிருந்து கை கற்றுவைத்த வரிசையை விரல் மாற்றிக் கற்க வேண்டியிருக்கிறது. முதல் சில வாரங்கள் மாணவர் ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று யோசிக்கிறார். இந்தக் கட்டம் முழுக்க முழுக்கக் குரங்குக்குட்டியின் பிடிதான்.

ஆங்கில ஹையர் வேகத்தாளில் பத்து நிமிடத்தில் 2,250 தட்டுகள். நிமிடத்துக்கு 45 சொற்கள். நொடிக்கு ஏறக்குறைய நான்கு தட்டு வருகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் முடிவெடுக்க இந்த வேகத்தில் நேரமில்லை. கண் வரியின் மேல் போகிறது, விரல் தானாக விழுகிறது. நடுவில் ‘இப்போது எந்த விரல்’ என்ற நினைப்பு புகுந்தால் அங்கேதான் பிழை. அதாவது, முயற்சி தன் வேலையை முடித்ததற்கு அடையாளம், அது கண்ணில் படாமல் போவதே. வேண்டுமென்று விலகிக்கொள்வதாலும் இந்த நிலை வராது. பயிலாத கை எவ்வளவு விலகி நின்றாலும் அடிக்காது. பற்றுதலும் விலக்காமையும் எதிரெதிர்க் கட்சிகளாக வாதிக்கப்பட்டன. பயிற்சியிலோ அவை முன்னும் பின்னுமான இரண்டு கட்டங்கள். மோட்சத்துக்கும் இதே விதி என்று இதனால் நிறுவ முடியாது. விரலின் கல்விக்கு இது பொருந்துகிறது.

இரண்டாம் வாசலின் இயல்பே வேறு. தட்டச்சுத் தேர்வு ஓர் அளவுகோல். அதைத் தொட்டவர் எல்லாரும் தேறலாம். ஒருவர் தேறுவதால் இன்னொருவருக்கு இடம் குறையாது. குரூப் 4 அப்படி இல்லை. 200 வினா, 300 மதிப்பெண், பிறகு தரவரிசை, இட ஒதுக்கீடு, காலியிடம், கலந்தாய்வு. எல்லாரும் இரண்டு மடங்கு உழைத்தாலும் இடம் ஒன்றுகூட அதிகமாகாது, கட்-ஆஃப்தான் ஏறும்.

திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் இருப்பதை முரண் என்று சொல்வதுண்டு. முயற்சி செல்லுபடியாகும் இடம் ஒன்று, ஆகாத இடம் வேறொன்று என்று கொண்டால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. செயலில் மட்டுமே உரிமை, பலனில் இல்லை என்னும் கீதையின் போதனையும் இங்கே பொருந்தும். ஹையர் தேறாததற்குத் தலையெழுத்தைக் காரணம் சொல்வது தவறு. இன்னும் பயிற்சி தேவை, அவ்வளவே. ஹையர் இரண்டும் தேறி, குரூப் 4-இல் சில மதிப்பெண்ணில் இடம் தவறியவரின் உழைப்பைக் குறை சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்பது பரவலான நம்பிக்கை. அந்த முத்திரையிட்ட ஆணை வராத வீட்டில் பிள்ளையைப் பார்த்து ‘நீ ஒழுங்காகப் படித்திருந்தால்’ என்று தொடங்கும் முன், அந்த ஆண்டில் எத்தனை காலியிடம், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைப் பெரியவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.