முகம் பார்த்துத் தீர்ப்பிடலாமா?



நண்பர்கள் சிலர் கூடி ஒரு சிறு போட்டி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாய், பூனை, ஆடு, சேவல் எதுவாயினும் சரி, வீட்டில் வளரும் ஒரு பிராணியின் முகத்தைப் படம்பிடித்துக் கொண்டுவர வேண்டும். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் எவருமில்லை. எல்லாரும் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களே. பரிசும் பெரிதன்று. “நீங்கள்தான் மத்தியஸ்தர்” என்று உங்களை மேசை முன் இருத்தி, இருபது படங்களைப் பரப்பி வைக்கிறார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறீர்கள். விளையாட்டுத்தானே!

ஆனால் படங்களைப் பார்க்கத் தொடங்கியதும் விளையாட்டு வினையாகிறது. ஒரு படம், உங்களுக்கு ஆபத்து வேளையில் ஓடிவந்து உதவிய அயலவருடையது. இன்னொன்று பத்து வயதுச் சிறுமி எடுத்தது. அவள் கதவோரம் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது, சென்ற மாதம் இறந்துபோன ஒரு கிழ நாயின் படம். அதை எடுத்தவர் தனியே வாழும் முதியவர். மூன்றும் சுமாரான படங்கள். மிகச் சிறந்த படமோ உங்களோடு ஒருநாளும் முகங்கொடுத்துப் பேசாத ஒருவருடையது. என்ன செய்வீர்கள்?

முகதாட்சணியம்

இந்தத் தடுமாற்றத்துக்கு நம்மிடையே பொருத்தமான ஒரு சொல் உண்டு: முகதாட்சணியம். எதிரே நிற்பவரின் முகத்துக்காக மனம் இளகி, சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுதல் அது. இதை ஒரேயடியாகக் கெட்ட குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. திருக்குறளில் நடுவு நிலைமைக்கு 12ஆம் அதிகாரம் இருப்பது போலவே, கண்ணோட்டத்துக்கு 58ஆம் அதிகாரம் இருக்கின்றது. இரக்கமில்லாத கண்ணால் என்ன பயன் என்று கேட்கிறவர் வள்ளுவர். ஆனால் அதே அதிகாரத்தில் அவர் ஓர் எல்லையும் இடுகிறார். மேற்கொண்ட கடமை கெடாதவாறு காட்டும் கண்ணோட்டத்தையே அவர் உயர்த்திப் பேசுகிறார்.

மத்தியஸ்தரின் கடமை எது? படத்தைப் பார்த்து, உள்ளதைச் சொல்வது. சிறுமிக்கு இரங்கி முதற்பரிசு கொடுத்தால், அந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பவர் நீங்கள் அல்லர். நல்ல படத்தை எடுத்துவிட்டு வாய்திறவாது நிற்கும் அந்த மற்றவரே. இது பிறர் பணத்தில் தானம் செய்வது போன்றது. சரி, சிறுமிக்குத்தானும் நன்மை உண்டா? தன் படம் மங்கலாயிருப்பது அவளுக்கே தெரியும். பரிசைக் கையில் வாங்கிய பின்னும், தான் வென்றாளா அல்லது பிறர் தன்மீது இரங்கினார்களா என்று அவள் ஐயுற வேண்டியதுதான். எல்லாருக்கும் முதற்பரிசு என்று நழுவினாலோ, ஒருவருக்கும் பரிசில்லை என்றே பொருள்.

இதனாலன்றோ படப் போட்டிகளில் பெயரை மறைத்து இலக்கம் மட்டும் இடும் வழக்கம் உண்டாயிற்று! நல்ல வழக்கமே. ஆயினும் சிறிய நட்பு வட்டத்தில் அது போதுமா? எடுத்தவரின் பெயரை மறைக்கலாம். அயல்வீட்டுச் சேவலின் கொண்டையை மறைக்க முடியுமா? பார்த்தவுடனே யாருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே கடைசி மறைப்பை மத்தியஸ்தர் தம் மனச்சாட்சிக்குள்ளேயே இட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காரணம் சொல்லும் கண்

அதற்குத் துணைசெய்வது காரணம். பிராணியின் கண் தெளிவாக விழுந்திருக்கிறதா? நின்றபடி மேலிருந்து எடுத்தாரா, அதன் கண்மட்டத்துக்கு இறங்கி எடுத்தாரா? கறுத்த நாயையும் வெள்ளைப் பூனையையும் கமரா தானாகவே அளந்தால், இரண்டையும் சாம்பல் நிறத்துக்கே இழுத்துவிடும். எடுத்தவர் அதைக் கவனித்துத் திருத்தினாரா? மின்னொளி போட்டதால் பூனையின் கண் பச்சையாக எரிகிறதா? பின்னால் தொங்கும் சேலை கண்ணை இழுக்கிறதா?

இப்படிக் காரணம் சொல்லித் தீர்ப்பிடும்போது, தோற்றவருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. “அடுத்த முறை முழங்காலில் இருந்து, நாயின் கண்மட்டத்தில் கமராவைப் பிடி, பிள்ளை” என்று அந்தச் சிறுமிக்கு அருகழைத்துச் சொல்லுங்கள். பொய்ப் பரிசிலும் பார்க்க அது பெரிய அன்பு அல்லவா?

முறையிட முடியாத முகம்

இன்னுமொருவரை மறந்துவிட்டோம். போட்டிக்கு விண்ணப்பம் செய்யாதவர், பரிசு வேண்டாதவர், தீர்ப்புக்கு எதிராக முறையிட முடியாதவர்: அந்தப் பிராணி!

தொப்பியும் கண்ணாடியும் மாட்டி இருத்திய ஒரு நாயின் படம் வருகிறது. பார்த்தவர் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் சற்று உற்றுப் பாருங்கள். காதுகள் பின்னே மடிந்து ஒட்டியிருக்கின்றன. விழியின் வெள்ளை பிறைபோல் தெரிகிறது. நாக்கு மூக்கை நக்குகிறது. இவை சேர்ந்து தோன்றினால், பெரும்பாலும் அந்த நாய் அஞ்சுகிறது என்றே கொள்ள வேண்டும். “படத்தை மட்டும் பாரும், எப்படி எடுத்தார் என்பது உமக்கெதற்கு?” என்று சிலர் கேட்கலாம்.

பெரிய போட்டியொன்றில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில், 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றது ஓர் ஓநாயின் படம். இரவில் வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் அழகான காட்சி. ஆனால் அது பழக்கிய ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் பின்னர் முடிவுசெய்து, விதிமீறல் எனக் கூறி 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். எடுத்தவர் அதை மறுத்தார். படத்தில் ஒரு புள்ளிதானும் மாறவில்லை. ஆயினும் தீர்ப்பு மாறியது. ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் அந்தப் படத்தின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கவில்லையா?

மேலும், பரிசு என்பது விதை. இவ்வருடம் எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ, அதைத்தான் அடுத்த வருடம் பலரும் எடுத்துவருவார்கள். அஞ்சிய நாய்க்கு ஒரு பரிசு கொடுத்தால், அடுத்த போட்டிக்குள் பத்து நாய்கள் அஞ்சவேண்டிவரும். பொறுமையோடு காத்திருந்து எடுத்த படத்துக்குக் கொடுத்தால், பத்துப் பேர் காத்திருக்கப் பழகுவார்கள்.

ஆகவே வாசகரே, தீர்ப்பெழுதும் வேளையில் படத்துக்கு வெளியே நிற்கும் முகங்களை மறந்து, படத்துக்குள் இருக்கும் முகத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் பிணக்குத் தீர்க்கும் தாய்தந்தையர்க்கும் இந்தப் பழக்கம் உதவும்.

தீர்ப்பை வாசித்து முடித்ததும் மத்தியஸ்தர் வேலை முடிந்தது. இனிக் கண்ணோட்டத்துக்குத் தடையில்லை. அந்த முதியவர் தம் படத்தை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள். அந்த நாயின் பெயர் என்னவென்று கேளுங்கள்.